எட்டு நாள் தொட்டில்

எங்கள் வீட்டில் அம்மி ஒன்று, குழவிக்கல் நான்கு. ரங்கூனை விட்டுக் கிளம்பி, கப்பலும் ரயிலும் மாறி, மொரப்பூரில் இறங்கி, பாப்பாரப்பட்டிக்கு அப்பால் இருக்கும் இந்தச் சிற்றூருக்கு மாட்டுவண்டியில் வந்து சேர்ந்த மறுநாள் காலையில் நான் முதலில் கவனித்தது இதைத்தான். ஒரு குழவி அம்மியின் மேல் மிளகாய் பூசிக்கொண்டு கிடந்தது. மற்ற மூன்றும் குதிருக்குப் பக்கத்தில், நாலாக மடித்த பழைய புடவையின் மேல் வரிசையாகப் படுத்திருந்தன. படுத்திருந்தன என்றுதான் எழுத வருகிறது. ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு மைப்பொட்டு, திருஷ்டிக்கு வைக்கிற மாதிரி கொஞ்சம் கீழே இன்னொன்று. என் கணவரின் அண்ணி மாதம்மாள் விடிந்ததும் வந்து, மூன்றையும் ஈரத்துணியால் துடைத்து, மையைப் புதிதாக இட்டுவிட்டுக் களி கிண்டப் போவாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம், எனக்கு ஐந்து. வந்த புதிதில் எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்டு எல்லார் உயிரையும் வாங்கிய நான், இதை மட்டும் பத்து நாள் கேட்கவில்லை.

ரங்கூனுக்குத் திரும்பிப்போன சிநேகிதிகளும், என்னைப் போல இங்கேயே தங்கிவிட்ட பர்மாக்காரர்களும் இதை வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பிறந்தது ரங்கூனில். அப்பா அரிசி ஆலையில் கணக்கெழுதியவர். தமிழ்நாட்டை நான் பார்த்ததே இல்லை. என் கணவர் இந்த ஊரிலிருந்து வந்து அங்கே மரக்கிட்டங்கியில் வேலை பார்த்தவர். யுத்தம் வந்து ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்து, “சொந்த ஊருக்குப் போய்விடுங்கள்” என்றார்கள். அவருக்கு அது சொந்த ஊர். எனக்கு, பாஷை மட்டும் தெரிந்த அயல்நாடு. இங்குள்ள பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, என் ஜாக்கெட்டின் வெட்டையும் நான் தனாக்கா மரப்பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசுவதையும் பார்த்துச் சிரிப்பார்கள். நாப்பி என்கிற மீன் விழுதை எப்படித் தின்றேன் என்று கேட்பார்கள். அழுகின மீனைத் தின்கிறவள் என்று பின்னால் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. விழட்டும் என்று இருந்தேன். மனசுக்குள் நான் அவர்களைவிட இரண்டு படி உயரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த இரண்டு படியை எனக்குப் போட்டுக்கொடுத்தது ரங்கூனில் ஒரு சிறிய மருத்துவ விடுதி. அங்கே கரேன் இனத்து நர்ஸ் ஒருவர் இருந்தார். பர்மியரின் வழக்கப்படி நாங்களும் அவரைச் சயாமா என்போம். ஆசிரியை என்று பொருள். வியாழக்கிழமை காலைகளில் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு நடத்துவார். பர்மியப் பெண்கள், சீனத்திகள், தமிழச்சிகள் எல்லாரும் ஒரே பாயில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கால் வீங்கினால், தலை விடாமல் வலித்தால், ஒரு சொட்டு உதிரம் பட்டால் யாரிடம் ஓடவேண்டும் என்று சொல்வார். தொப்புள்கொடியை அறுக்கும் பிளேடையும் கட்டும் நூலையும் கடிகாரம் பார்த்து இருபது நிமிஷம் கொதிக்க வைக்கவேண்டும். அறுத்த இடத்தில் ஒன்றும் வைக்கக்கூடாது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக்கூடாது. சொல்லி முடித்ததும் ஒரு துணிப்பொம்மையைக் கையில் கொடுப்பார். உள்ளே மணல் அடைத்து, பிறந்த பிள்ளையின் எடைக்கு, ஏழு ராத்தலுக்குச் செய்தது. அதைக் குளிப்பாட்டவேண்டும், துவட்டவேண்டும், மாரில் அணைக்கவேண்டும். கை பழகிவிட்டால் பயம் போய்விடும் என்பது அவர் கட்சி. கடைசி வாரம் கணவன்மாரும் வரவேண்டும். என் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, பொம்மையைக் கையில் வாங்கி, சோப்பு வழுக்கிக் கீழே போட்டார். எல்லாப் பெண்களும் ஒரே குரலில் “ஐயோ” என்றோம். அவர் முகம் வெளுத்துவிட்டது. “இங்கே விழுந்தது நல்லது. வீட்டில் விழாது” என்றார் சயாமா. அன்றுமுதல் என் வீட்டுக்காரர் என் காலை அமுக்கிப் பார்த்து வீக்கம் இருக்கிறதா என்று தினமும் சோதித்தார். ஒரு பொம்மை செய்த வேலை அது. பிரசவத்தைப் பற்றி ஆணுக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பதினோராம் நாள் என் மாமியாரிடம் குழவிகளைப் பற்றிக் கேட்டேன். புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

“இந்த வூட்டுல புள்ள பொறந்தா எட்டாம் நாளு ஒண்ணு வருங்கண்ணு. வந்து வாயைப் பூட்டிப்புடும். புள்ள பால் குடிக்காது, வில்லு மாதிரி வளைஞ்சுக்கும். அதை ஏமாத்தத்தான் கல்லைத் தொட்டில்ல போடறோம்.”

எட்டு நாளும் வீட்டுக் குழவிக்குக் குல்லா மாட்டி, மை இட்டு, தொட்டிலில் போட்டுத் தாலாட்டுவார்களாம். பெற்ற பிள்ளையைக் கந்தல் சுற்றி முறத்தில் வைத்துத் தரையில் போட்டுவிடுவார்கள். அதன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, பெற்றவளும்கூட. பாலுக்கு எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டும். வருவது ஏமாந்து போய்விட்டால் பிள்ளை பிழைக்கும், கல் அம்மிக்குத் திரும்பும். ஏமாறாவிட்டால், எட்டு நாள் தாலாட்டு வாங்கிய கல்லை வைத்து யார் மிளகாய் அரைப்பது? அதைத் தனியே படுக்க வைத்துவிட்டுப் புதுக் குழவி வாங்குவார்கள். மாதம்மாளுக்கு மூன்று கல்.

கேட்டபோது எனக்குக் குளிர் எடுத்தது, கோபமும் வந்தது. கோபத்துக்குக் காரணம், வருவது எது என்று எனக்குத் தெரியும். அதற்குச் சயாமா பெயர் சொல்லியிருந்தார். அழுக்கு அரிவாளிலிருந்தும் சாணிச் சாம்பலிலிருந்தும் தொப்புள் வழியாக ஏறுகிற ஜன்னி அது. பெரும்பாலும் ஒரு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். இந்த ஊர் மருத்துவச்சி கெம்பம்மா கருக்கரிவாளால் கொடி அறுத்து, வறட்டிச் சாம்பலை அப்புகிறவள். ஆனால் நாளும் அறிகுறியும் இத்தனை கச்சிதமாகப் பொருந்தியதில் ஏதோ ஒன்று என்னைச் சங்கடப்படுத்தியது. அவர்கள் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். நான் பாயில் உட்கார்ந்து காதால் கேட்டவள்.

இனி நான் செய்த தப்பைச் சொல்லவேண்டும். பழகியது மறக்காமலிருக்க வாரம் ஒருமுறை செய்து பார்க்கவேண்டும் என்பது சயாமாவின் உத்தரவு. பொம்மைக்கு எங்கே போவது? ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. நடுவில் கிடந்த குழவியைத் தூக்கிப் பார்த்தேன். ஏழு ராத்தல் இருக்கும்போலத் தோன்றியது. கல் கல்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, துண்டில் சுற்றி, பித்தளைத் தாம்பாளத்தில் வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டினேன். பின்தலைக்குக் கை கொடுத்து, கழுத்தைத் தாங்கி, காதில் நீர் புகாமல் முறைப்படி எல்லாம் செய்தேன். மை கரைந்து தண்ணீர் கறுத்தது. வெந்நீர் பட்டுக் கல் சூடாகிவிட்டது. அந்தச் சூடுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளையின் உடம்புச் சூடு அது. கீழே வைத்துவிடலாம் என்று நினைத்தபோது வாசலில் நிழல் தட்டியது. தலையில் விறகுக்கட்டோடு மாதம்மாள் நின்றிருந்தாள்.

“பழகிப் பார்க்கிறேன் அக்கா. வேறொன்றுமில்லை” என்றேன்.

அவள் விறகை மெதுவாக இறக்கினாள். சத்தம் போடுவாள், என் தலைமயிரைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். என் எதிரே குந்திக்கொண்டு, தாம்பாளத்தில் மிதக்கிற மையைப் பார்த்தாள்.

“அது ரெண்டாவது. பொட்டப்புள்ள” என்றாள். பிறகு, “தண்ணி கண்ணுல போவல இல்ல?” என்று கேட்டாள்.

போகவில்லை என்று தலையாட்டினேன்.

“மூணு பெத்தேன். ஒண்ணுக்கும் நான் தண்ணி ஊத்தல. மூஞ்சியப் பாக்கக்கூடாதுன்னு, குளுப்பாட்டறதெல்லாம் கெம்பம்மாதான். இன்னொருக்கா காட்டு. கழுத்தை எப்படிப் புடிச்ச?”

காட்டினேன். அவள் வாங்கிக் குளிப்பாட்டினாள். என்னைவிட நன்றாகவே செய்தாள். முடித்ததும் துவட்டி, தன் மாரோடு வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என் வகுப்பின் முதல் மாணவி அப்படித்தான் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் மாட்டுக்கொட்டகையில் வகுப்பு நடந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் ஏழு பேர் வந்தார்கள். வேடிக்கை பார்க்கத்தான் முதலில் வந்தார்கள். பிள்ளை பெறுவதற்குப் பள்ளிக்கூடமா என்று ஊரே சிரித்தது. கால் வீக்கம் என்றபோது ஒருத்தி புடவையைத் தூக்கித் தன் காலைக் காட்டினாள். அமுக்கிய இடம் குழியாகவே நின்றது. அவளை அன்றே அவள் புருஷன் வண்டி கட்டித் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அவளும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதன்பின் சிரிப்பு குறைந்தது. என் வீட்டுக்காரர் கொட்டகைக்கு வெளியே ஆண்களை உட்கார வைத்து, எந்த நேரத்தில் வண்டி கட்டவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். பொம்மையைக் கீழே போட்ட கதையையும் சொன்னார். ஆனால் மடக்கவேண்டியவள் கெம்பம்மா. வீட்டில் கன்னடம் பேசுகிறவள். கோபம் வந்தால் அந்தப் பேச்சு முந்திக்கொள்ளும், வேண்டாம் என்பது பேடா ஆகிவிடும்.

“பேடம்மா, பேடா! அரிவாளை வேகவெச்சு என்ன கொழம்பா வெக்கப்போற? என் கையில பொறந்தவங்கதான் இந்த ஊரு பூரா.”

செத்தவர்களும் உன் கையில்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மாதம்மாள் என் தொடையைக் கிள்ளினாள். கடைசியில் என் மாமியார்தான் வழி சொன்னார். அறுப்பதும் கட்டுவதும் ரங்கூன் முறைப்படி, சாம்பல் கிடையாது. மற்றபடி எட்டு நாளும் இந்த வீட்டு முறைப்படி. தொட்டிலில் கல் கிடக்கும், பிள்ளையின் முகத்தை ஒருவரும் பார்க்கக்கூடாது. இதற்கு நான் வாய் திறக்கக்கூடாது. ஒப்புக்கொண்டேன். மாதம்மாளின் நாலாவது பிள்ளைக்காக எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

பங்குனியில் ஒரு காலை அவளுக்கு ஆண் பிறந்தது. வாசலில் என் வீட்டுக்காரர் அடுப்பு மூட்டி, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் எண்ணினார். போகிற வருகிறவர்கள், “பிரசவத்துக்கு ஆம்பள அடுப்பூதறான் பாரு” என்று கேலி செய்தார்கள். அவர் ஊதிக்கொண்டே இருந்தார். கெம்பம்மா கொதித்த பிளேடை முகம் சுளித்துக்கொண்டே வாங்கினாள். தொப்புளில் ஒன்றும் வைக்கவில்லை. பிறகு தொட்டிலில் கல்லைப் போட்டார்கள்.

அந்த எட்டு நாளை நினைத்தால் இன்னும் எனக்கு மயிர் கூச்செறிகிறது. வீட்டில் ஒரு பச்சைப்பிள்ளை இருக்கிறது. அதன் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அது அழுதால், “யாரு வூட்டுதோ, கெடக்குது” என்று என் மாமியார் வெளியே கேட்கும்படி சொல்வார். பேச்சு, கொஞ்சல், பாட்டு எல்லாம் கல்லுக்குத்தான். வருகிற பெண்கள் தொட்டிலுக்குள் குனிந்து, யார் ஜாடை என்று ஆராய்ந்தார்கள். அப்பன் மூக்கு என்றாள் ஒருத்தி. அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. நான்காம் நாள் தொட்டில் பக்கம் போனபோது, போர்த்தியிருந்த துணி விலகியிருந்தது. குளிரும் என்று நினைத்து இழுத்துப் போர்த்திவிட்டேன். அடுத்த நொடியே கையை உதறிக்கொண்டு நகர்ந்தேன்.

எட்டாம் நாள் காலையில் எல்லாரும் வீட்டைத் திறந்து போட்டுவிட்டு வெளியேறினோம். உள்ளே தொட்டிலும் கல்லும் மட்டும். மாதம்மாள் பிள்ளையோடு கொட்டகையில் மாடுகளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவளுக்குத் துணையாக நான் இருந்தேன். உச்சிவேளை, தெருவில் ஆளில்லை, காக்கைகூட இல்லை. திடீரென்று வீட்டுக்குள் தொட்டில் கயிறு கிரீச்சிடத் தொடங்கியது. ஆட்டிவிட்ட தொட்டில் ஆடுகிற தாளத்தில், நிதானமாகக் கேட்டது. திறந்த கதவில் காற்று புகுந்திருக்கும் என்று நினைத்தேன். எதிரே புளியமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. மாடுகள் அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் காதை விறைத்துக்கொண்டன. மாதம்மாள் கண்ணை மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்த தடம் பல நாள் இருந்தது. எவ்வளவு நேரம் என்று எண்ணியிருக்கவேண்டும், கடிகாரத்தை நம்புகிறவள் நான். எண்ணவில்லை. சத்தம் தேய்ந்து நிற்கவில்லை, சட்டென்று நின்றது. கையால் பிடித்து நிறுத்தினால்தான் தொட்டில் அப்படி நிற்கும்.

“வந்துட்டுப் போயிருச்சு” என்று வேலிக்கு அப்பாலிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

பொழுது சாயும்வரை காத்திருந்தோம். பிறகு மாதம்மாள் சுண்டுவிரலைப் பிள்ளையின் உதட்டில் வைத்தாள். அது வாயைத் திறந்து விரலைக் கவ்விச் சப்பியது. “இழுக்குது, இழுக்குது” என்று அவள் போட்ட கூச்சலில் மாடுகள் எழுந்து நின்றுவிட்டன. முதன்முதலாகக் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் தொட்டிலில் கிடந்த கல்லை எடுத்துக் கழுவி, பச்சைமிளகாய் வைத்து அரைத்தாள். கண்ணில் நீர் வழிந்ததற்கு மிளகாயைக் காரணம் சொன்னாள்.

பிள்ளையைக் காப்பாற்றியது எது என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. கல் என்றார்கள் பாதிப்பேர். வெந்நீர் என்று கட்சி கட்டியவள், நம்பமாட்டீர்கள், கெம்பம்மா. தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டால் அது கிட்ட வராது என்பது அவள் கண்டுபிடிப்பு. கிருமியைப் பற்றி நான் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. எனக்கு முதலில் ஆத்திரமாக வந்தது. பிறகு யோசித்தேன். எந்தக் காரணத்துக்காகக் கொதிக்க வைத்தால் என்ன, கொதிக்கவேண்டும், அவ்வளவுதான். இப்போது வெள்ளிக்கிழமை வகுப்பை அவள்தான் நடத்துகிறாள். நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து வருஷத்தில் இந்த ஊரில் எட்டாம் நாள் சாவு ஒன்றுகூட இல்லை. கர்ப்பிணி வகுப்பினால் என்ன பயன் என்று கேட்கிறவர்களை நான் இங்கே கூட்டிவந்து, தெருவில் விளையாடுகிற பிள்ளைகளைக் காட்டத் தயார்.

இத்தோடு முடித்திருந்தால் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும். முடிக்கமுடியவில்லை. மாதம்மாள் பெற்ற இரண்டு மாதத்தில், வைகாசியில், என் முறை வந்தது. நல்ல பகல்வேளை. யாரும் சொல்லாமலே கெம்பம்மா பிளேடைக் கொதிக்க வைத்தாள், நூலைக் கொதிக்க வைத்தாள், முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவினாள். சயாமா பார்த்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார். பெண் என்றார்கள். என் மாமியார் பிள்ளையைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“இந்தா கண்ணு, உன் வகுப்புல சொன்னாப்புல உடனே பால் குடு. மூஞ்சிய நல்லாப் பாத்துக்க. உனக்காவ நாங்க கல்லுப் போடலைங்கறேன். தொட்டில் உன் புள்ளைக்குத்தான்.”

எனக்காக ஒரு குடும்பம் தன் பயத்தை விட்டுக்கொடுத்து நிற்கிறது. ஆசிரியை நான். வலது பக்கம் பிள்ளையின் சூடு தெரிந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

“கல் எங்கே அத்தை?” என்றேன். “கல்லைக் கொண்டுவந்து போடுங்கள். பிள்ளையைக் காட்டாதீர்கள். முறத்தில் வையுங்கள்.”

மாதம்மாள் சமையலறைக்கு ஓடினாள். அரைத்துக்கொண்டிருந்த குழவியை அவசரமாகக் கழுவிக் கொண்டுவந்து தொட்டிலில் போட்டாள். எட்டு நாளும் சயாமா சொன்னதில் ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை. கை கழுவினேன், சீம்பால் கொடுத்தேன், தொப்புளில் தூசி படவிடவில்லை. பால் கொடுக்கும்போதெல்லாம் முகத்தைத் தொட்டிலின் பக்கம் திருப்பிக்கொண்டு, எனக்குத் தெரிந்த பர்மியத் தாலாட்டுகளைக் கல்லுக்குப் பாடினேன். இந்த ஊர்த் தாலாட்டு எனக்கு வராது.

என் மகளுக்கு இப்போது ஐந்து வயது. பர்மிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. இந்த ஊர்ப்பேச்சு அட்சரம் பிசகாமல் பேசுகிறாள். போன வாரம் தலைவாரும்போது, “நான் பொறந்தப்ப எப்பிடிம்மா இருந்தேன்?” என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். உருண்டையாக, கறுப்பாக, வழுவழுவென்று இருந்தாய், தொட்டால் குளிர்ச்சியாக இருப்பாய், அழவே மாட்டாய், உன்னிடம் லேசாக மிளகாய் வாசம் வரும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.